வயிற்றில் வாய் உடையார் எத்துணையர்?
(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில், காஞ்சிபுரத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தேகநலம் பற்றி ஏதேனும் பேசுக என்று நம் காரியதரிசி பணித்தார். தமிழ் வாத்தியாருக்கு வைத்தியத்தில் என்ன வேலை என்று சிலர் நகைத்தல் கூடும். யான் வைத்தியம் சொல்ல வந்தேனல்லேன். ஓர் எண்ணைத் தேடிப் புறப்பட்டு, அஃது எங்கும் எழுதப்படாதிருக்கக் கண்டு திரும்பியதையே சொல்ல வந்தேன். அவ்வெண் யாதெனில், நம் தேசத்தில் வயிற்றின் புறத்தே ஒரு திறப்பு வைக்கப்பெற்று, அதன்மேல் பை ஒட்டிக்கொண்டு, மலத்தையோ சிறுநீரையோ அவ்வழியே கழித்து வாழ்வோர் எத்துணைப் பேர் என்பதாம்.

தாய்மார் கூடிய சபையில் இச்சொற்களை எடுத்தல் தகுமோ என்று முகஞ் சுளிப்பாருக்கு இலக்கணத்தைக் கொண்டே விடை கூறுவேன். சபையில் சொல்லத் தகாதவற்றை வேறு சொல்லால் மறைத்துச் சொல்லுதலை இடக்கரடக்கல் என்று நன்னூலார் தகுதி வழக்கினுள் வைத்தார். அதன் நோக்கத்தை உற்று நோக்குங்கள். சொல்லை மறைப்பது பொருளைச் சொல்லுதற்பொருட்டே. நாமோ சொல்லோடு பொருளையும் சேர்த்து மறைத்துவிட்டோம். பொருள் மறைந்தபின் அதனை எண்ணுவார் யார்?

இத்திறப்பை மருத்துவர் 'ஸ்டோமா' என்பர். அது கிரேக்கச் சொல். வாய் என்பது பொருள். நமக்கும் இது புதிய வழக்கன்று. கால்வாய் என்கிறோம், மடைவாய் என்கிறோம், வீட்டின் திறப்பை வாயில் என்கிறோம். ஆகலின் குடலை வயிற்றுச் சுவரின் வழியே வெளிக்கொணர்ந்து அமைக்கும் திறப்பைக் குடல்வாய் என்றும், சிறுநீர்க்கு அமைப்பதை நீர்வாய் என்றும் இப்பேச்சில் வழங்குவேன். நம் ஊரில் சாதாரண ஜனங்கள் இவ்விரண்டையும் 'பை வைத்திருக்கிறது' என்றே முடித்துவிடுகின்றனர். அதுவும் பிழையன்று. இரைப்பை, பித்தப்பை, நீர்ப்பை, கருப்பை என்று இயற்கை உள்ளே வைத்த பைகள் பல. இது வெளியே வைத்த பை. அவ்வளவே வேற்றுமை.

குடல்வாயில் இருவகை உண்டு. பெருங்குடலில் அமைப்பது ஒன்று. சிறுகுடலின் கடைப்பகுதியில் அமைப்பது மற்றொன்று. நீர்வாய் அமைக்குங்கால், நோயுற்ற நீர்ப்பையை எடுத்துவிட்டு, சிறுகுடலில் ஒரு சிறு துண்டை வாய்க்கால்போல் வைத்து, சிறுநீரகக் குழாய்களை அதில் இணைத்து வெளியே திறந்துவிடுவர். இம்முறை 1950-ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர் பிரிக்கர் என்பவரால் நன்கு நிலைநாட்டப்பெற்றது. சிறிது காலத்துக்கு மட்டும் வைத்துப் பின்பு மூடிவிடும் வாய்களும் உண்டு. ஆயுள் முழுதும் இருப்பனவும் உண்டு. இவ்வேற்றுமையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னர் வேண்டியிருக்கும்.

இவ்வித்தை எவ்வளவு பழையது என்று கேட்பீர்கள். 1793-ஆம் ஆண்டில் பிரான்சு தேசத்துப் பிரெஸ்ட் என்னும் துறைமுக நகரில் துயுரே என்ற மருத்துவர், மலவாய் இன்றிப் பிறந்த மூன்று நாட் குழந்தைக்குக் குடல்வாய் வைத்தார். அக்குழந்தை வளர்ந்து நாற்பத்தைந்து வயது வரை வாழ்ந்தது. இதெல்லாம் நம் பழைய நூல்களிலேயே உண்டே என்று சொல்லும் அன்பர்க்கு ஒரு வார்த்தை. சுசுருத சங்கிதையில் குடலடைப்புக்கு வயிற்றைத் திறந்து, அடைப்பை நீக்கி, குடலின் விளிம்புகளை எறும்புகளைக் கடிக்கச்செய்து கூட்டும் முறை கூறப்பட்டுள்ளது. வியக்கத்தக்கதே. ஆயினும் அது திறந்த குடலை மூடும் வித்தை. வாய் வைத்து நெடுங்காலம் வாழ்விக்கும் வித்தை அன்று. உள்ள பெருமை போதும். இல்லாததை ஏற்றிச் சொல்ல வேண்டுவதில்லை.

வாய் வைத்தல் பழைமையாயினும், வாய் வைத்தவர் வெளியே நடமாடத் தொடங்கியது நேற்றைய செய்தியே. முற்காலத்தில் உலோகக் கிண்ணங்களையும் துணிக்கச்சைகளையும் கட்டிக்கொண்டு, நாற்றத்துக்கு அஞ்சி அறைக்குள் கிடந்தனர். டென்மார்க்கு தேசத்தில் எலிசே சோரென்சன் என்ற தாதி, தன் தங்கை தோரா சிகிச்சைக்குப்பின் வெளியே வரவே அஞ்சியதைக் கண்டு, உடம்பில் ஒட்டிக்கொள்ளும் பை ஒன்றை 1954-இல் எண்ணி அமைத்தாள். இன்று உலகெங்கும் வழங்கும் பைகள் அதன் வழிவந்தனவே. ஒரு பெண் தன் உடன்பிறந்தாளை மறைத்து வையாமல் வெளியே கொணர எண்ணியதால் விளைந்த நன்மை இது.

இனி எண்ணுக்கு வருவோம். பிரிட்டனில் ஏறத்தாழ இரண்டு லட்சம் பேர், அதாவது 335 பேருக்கு ஒருவர், இவ்வாறு வாழ்கின்றனர் என்று அந்நாட்டு நோயாளர் சங்கத்தார் கணித்துள்ளனர். அமெரிக்காவில் ஏழேகால் லட்சம் முதல் பத்து லட்சம் வரை என்று அங்குள்ள சங்கத்தார் கூறுகின்றனர். பத்து லட்சம் என்றே கொண்டால், அங்கும் ஏறக்குறைய அதே வீதம். பிரிட்டனில் இவ்வளவு துணிவாகக் கணிக்க முடிவது ஏனெனில், பைகள் அங்கே மருத்துவர் சீட்டின்மேல் அரசாங்கச் செலவில் கொடுக்கப்படுகின்றன. கொடுப்பவன் கணக்கு எழுதுகிறான். கணக்கிலிருந்து ஆளை எண்ணிக்கொள்ளலாம். நம் நாட்டிலோ பெரும்பாலோர் தம் கைப்பணம் கொடுத்துக் கடையில் வாங்குகின்றனர். கடைக்காரன் பையை எண்ணுவானேயன்றி மனிதரை எண்ணான்.

அப்படியாயின் பிரிட்டனின் வீதத்தையே நமக்கும் வைத்துப் பெருக்கிவிடலாமே என்று கணக்கு வாத்தியார் ஒருவர் எனக்குச் சொன்னார். பெருக்கிப் பார்த்தேன். தேசத்தின் 140 கோடி மக்களுக்கு ஏறத்தாழ 42 லட்சம் வருகிறது. 2011-ஆம் ஆண்டுக் கணக்கின்படி நம் நகரில் ஏறத்தாழ 1,64,000 பேர். அதற்கு 490 வருகிறது. எழுதிய தாளைக் கிழித்தும் போட்டேன், அவ்வெண் பொய்யாகலின். ஏன் பொய் என்பதைத் தறியை வைத்தே விளக்குவேன்.

ஒரு தெருவில் மாதந்தோறும் இருபது சேலைகள் தொடங்கப்படுகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் அரைமாதத்தில் அறுக்கப்படுமாயின், எந்த நாளில் நீங்கள் போய்ப் பார்த்தாலும் தறிமேல் பத்துச் சேலைதான் இருக்கும். அறுக்க ஆறு மாதமானாலோ நூற்றிருபது இருக்கும். தொடங்குவது அதே இருபது. தறிமேல் நிற்பது வேறு வேறு. அதுபோல, ஒரு தேசத்தில் குடல்வாய் உடையார் தொகை, ஆண்டுதோறும் புதிதாக எத்தனை பேருக்கு வைக்கப்படுகிறது என்பதையும், ஒவ்வொருவரும் அதனோடு எத்தனை காலம் இருக்கிறார் என்பதையும் பொறுத்தது. முதலாவதை மட்டும் அறிந்தாலும் போதாது. இரண்டாவதை மட்டும் அறிந்தாலும் போதாது.

இரண்டிலும் நாம் வேறுபடுகிறோம். பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய் நம் தேசத்தில் ஆண்டுக்கு லட்சம் பேரில் ஏறத்தாழ ஐவருக்கே புதிதாக வருகிறது. மேனாடுகளிலோ முப்பதைத் தாண்டும். பிரிட்டனில் மக்களின் நடு வயது நாற்பதை ஒட்டியது. நம்மிடத்து இருபத்தெட்டை ஒட்டியது. இது முதியோர்க்கு மிகுதியாக வரும் நோயாகலின் அதுவும் நமக்கு அநுகூலம். ஆயினும் அநுகூலம் என்று மகிழ்ந்து உட்கார்ந்துவிடுதற்கில்லை. வீதம் சிறிதாயினும் நாடு பெரிது. உலகப் புற்றுநோய் மதிப்பீடுகளின்படி அண்மை ஆண்டுகளில் இந்தியாவில் இந்நோய் புதிதாகக் காண்பார் ஆண்டொன்றுக்கு அறுபத்தைந்தாயிரத்துக்கு மேற்பட்டோர். அவருள் மலக்குடலில் நோயுற்றோர் பகுதி நம்மிடம் பெரிது. கட்டி மலவாயை ஒட்டியிருந்தால் பெரும்பாலும் ஆயுள்வாய். சற்று மேலே இருந்தால் குடலைக் கூட்டித் தைத்து, தையல் ஆறும் வரை சில மாதத்துக்கு வாய் வைப்பர். அதனால்தான் இரத்தப்போக்கை மூலம் மூலம் என்று சொல்லி இரண்டு வருஷம் களிம்பு தடவிக்கொண்டிருப்பது ஆபத்தாகிறது.

புற்றுநோயோடு ஒழிந்ததன்று. மேனாட்டார் பட்டியலில் இக்காலத்து அரிதாகிவிட்ட காரணங்கள் இரண்டு நம்மிடத்து இன்னும் உண்டு. டைபாயிடு சுரத்தில் சிறுகுடல் துளைபட்டு உயிருக்கு மன்றாடும் இளைஞர்க்கும், வயிற்றுக் காசநோயால் குடல் அடைபட்டோர்க்கும் அவசரமாக வாய் வைக்க நேர்கிறது. இவை பெரும்பாலும் தற்காலிக வாய்கள். மூன்று மாதத்தில் வா, மூடிவிடலாம் என்று மருத்துவர் சொல்லி அனுப்புகிறார். ஆனால் ரயில் செலவு, கூலி இழப்பு, உடம்பு தேறாமை, இன்னொரு சிகிச்சைக்கு அச்சம் என்று தள்ளிப்போகிறது. தறிமேலிருந்து அறுக்கப்படாத சேலை இது. தற்காலிகம் என்று ஆஸ்பத்திரிக் கணக்கில் எழுதப்பட்டவர் ஆண்டுக்கணக்காகப் பையோடு வாழ்கிறார். எந்தக் கணக்கிலும் இல்லை.

குழந்தைகளைப் பற்றியும் சொல்லவேண்டும். ஏறத்தாழ ஐயாயிரம் பிறப்புக்கு ஒன்று மலவாய் அமையாமலோ தவறாக அமைந்தோ பிறக்கிறது. பெருங்குடலில் நரம்பணுக்கள் இன்றி மலம் இறங்காத நோயும் ஏறத்தாழ அதே வீதமே. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு எட்டு ஒன்பது லட்சம் பிறப்புகள் எனக் கொண்டால், ஒவ்வொரு வகையிலும் நூற்றறுபது முதல் நூற்றெண்பது குழந்தைகள் ஆகின்றன. எல்லாருக்கும் வாய் வைப்பதில்லை. எளிய வகையை ஒரே சிகிச்சையில் சீர்செய்துவிடுவர். மற்றவர்க்குப் பிறந்த சில நாளில் வாய். சில மாதங் கழித்து மலவாய் அமைத்தல். அதன்பின் வயிற்றுவாயை மூடுதல். சென்னை எழும்பூர்க் குழந்தைகள் ஆஸ்பத்திரி போன்ற இடங்களில் இவை நாள்தோறும் நடக்கும் காரியங்கள்.

என் வகுப்பில் இரண்டாண்டுக்கு முன் ஒரு பையன் இருந்தான். மூடவேண்டிய வாய் குடும்பத் தொல்லைகளால் மூடப்படாமலே பதினொரு வயதை எட்டிவிட்டவன். கடைசி வரிசையில் சன்னலோரம் அமர்வான். விளையாட்டு வேளையில் எழான். பள்ளியில் என்னையும் தலைமையாசிரியரையும் தவிர ஒருவருக்கும் தெரியாது. ஆசிரியர் அறையின் குளியலறைச் சாவி ஒன்றை அவனிடம் கொடுத்துவைத்தோம். அதுமுதல் அவன் வருகை ஒழுங்காயிற்று. சென்ற ஆண்டு சிகிச்சை முடிந்தது. இப்போது பந்தடிக்கிறான், இலக்கணத்தில்தான் தேறவில்லை.

இத்தகையோரை எண்ணுதல் எவர் கடமை? இத்தேசத்தில் ஜனகணிதம் எடுக்கத் தொடங்கிய காலந்தொட்டு 1931 வரை, குருடர், செவிடரும் ஊமையருமானோர், சித்தம் பேதித்தோர், குட்டநோயர் என்று தனித்தனியே எழுதிவந்தனர். 2011-ஆம் ஆண்டுக் கணக்கில் உடற்குறையை எட்டு வகையாகக் கேட்டு 2 கோடியே 68 லட்சம் பேர் என்று கண்டனர். வயிற்றில் வாய் உண்டா என்று கேட்டாரில்லை. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளர் உரிமைச் சட்டம் இருபத்தொரு வகையைப் பெயர் சொல்லிக் குறித்தது. அதனுள்ளும் இதன் பெயர் இல்லை. பெயர் இல்லாத இடத்தில் எண் இராது.

புற்றுநோய்க் கணக்கு வேறு வழியில் வளர்ந்தது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் 1954-இல் அடையாற்றில் தோற்றுவித்த நிலையத்திலே 1981 முதல் சென்னை நகரின் புற்றுநோயாளர் பதிவு நடந்துவருகிறது. நம் ஊர்க்காரர் அறிஞர் அண்ணா 1969-ஆம் ஆண்டு பிப்ரவரி 3-ஆம் நாள் புற்றுநோயால் மறைந்தார். அவர் பெயரால் அமைந்த அரசினர் புற்றுநோய் ஆஸ்பத்திரி நம் காரைப்பேட்டையிலேயே இருக்கிறது. இன்ன நோய் இத்தனை பேருக்கு வந்தது என்பதைப் பதிவேடுகள் சொல்லும். அவருள் எத்தனை பேர் இன்று பையோடு வீட்டில் இருக்கின்றனர் என்பது அப்பதிவின் வேலையன்று.

2019–20-இல் எடுத்த கைத்தறிக் கணக்கை நினைவுகூருங்கள். வீடு வீடாக வந்து, குழித்தறியா, நெய்வார் யார், பாவு ஓட்டுவார் யார் என்று கேட்டு, தேசமெங்கும் கைத்தறித் தொழிலாளர் 35 லட்சத்துக்கு மேல் என்று எழுதினர். நம் தறி எண்ணப்பட்டது. தறிக்குப் பின்னால் இருக்கும் வயிற்றைப் பற்றி எவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நாம் உண்மை சொல்லியிருப்போமா? அதுதான் யான் உங்களிடம் கேட்க விரும்பும் கேள்வி.

நம் குலத்தார் மறைப்பதற்குக் காரணங்கள் எனக்குத் தெரியும். முதலாவது சம்பந்தம். வீட்டில் ஒருவருக்குப் பை என்று தெரிந்தால் பெண் கொடுப்பார், கொள்வார் பின்வாங்குவர் என்ற அச்சம். டைபாயிடால் வந்த துளையும், விபத்தில் கிழிந்த குடலும் பரம்பரையாக வருவனவல்ல. குடல்வாய் உள்ள பெண்கள் மணம் முடித்து மகப்பெற்று வாழ்கின்றனர். மற்றொரு பக்கம், ஒரு சில குடற்புற்றுநோய்கள் குடும்ப வழியில் வருவது மெய்யே. அங்கேதான் மறைத்தல் பெருங்கேடு. அண்ணனுக்கு நாற்பது வயதில் வந்ததை மறைத்தால், தம்பியும் தங்கையும் காலத்தில் பரிசோதனை செய்துகொள்ளும் வழி அடைபடுகிறது. சம்பந்தத்தைக் காப்பாற்றி உயிரைக் கொடுக்கிறோம்.

இரண்டாவது ஆசாரம். வைகாசிக் கருடசேவைக்கு ஊரே திரண்டு நிற்க, கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருக்கும் பெரியவர் ஒருவரை அறிவேன். தீட்டு என்கிறார். சந்நிதியில் நிற்கும் ஒவ்வொருவர் வயிற்றினுள்ளும் அதே பொருள் இருக்கிறது. அவருக்கு ஒழுகாத பையில், நமக்குக் குடலில். எவர் எதைத் தீட்டு என்று பிரிப்பது? என் கருத்து இதுவே. உடன்படாதார் இருப்பின் கூட்டம் முடிந்தபின் வாதிக்கலாம்.

எண்ணினால் என்ன பிரயோஜனம் என்பீர்கள். நம் தொழிலிலிருந்தே ஒன்று காட்டுவேன். நம்மில் ஒரு நெசவாளர்க்கு வெளியூர் ஆஸ்பத்திரி ஒன்றில் வாய் வைத்தனர். சிகிச்சை நன்றாகவே முடிந்தது. வீட்டுக்கு வந்து குழியில் காலிறக்கி அமர்ந்தபோதுதான் தெரிந்தது, படமரம் வந்து பொருந்தும் இடத்திலேயே வாய் அமைந்திருக்கிறதென்று. குனிந்து நாடாவை ஓட்டுந்தோறும் மரம் பையை அழுத்தும், பை விடுபடும், பட்டில் கறை படும். கறைபட்ட சேலையை எந்த முதலாளி வாங்குவார்? நாற்பது வருஷத் தொழிலை விட்டு இன்று வாயிற்காவலராக இருக்கிறார். சிகிச்சைக்கு முன்பே நோயாளியை உட்காரவைத்து, நிற்கவைத்து, குனியவைத்து, வேட்டி கட்டும் இடம், புடவைக் கொசுவம் செருகும் இடம், மடிப்பு விழும் இடம் இவற்றை விலக்கி வாய்க்கு இடம் குறித்துக்கொள்ளுதல் இத்துறை அறிந்தோர் கொள்ளும் நெறி. படமரத்தைப் பற்றி மருத்துவருக்கு யார் சொல்வது? தறியில் இருப்போரில் இத்தனை பேருக்கு இது நேர்ந்திருக்கிறது என்ற கணக்கு நம் கையில் இருந்தால், ஆஸ்பத்திரிக்குச் சென்று சொல்லலாம். கணக்கு இல்லாத வரையில் அஃது ஒருவர் தலையெழுத்தாகவே நிற்கும்.

பையின் செலவு இன்னொன்று. ஒரு பை சில நாள்தான் தாங்கும். மாதத்துக்கு எட்டோ பத்தோ வேண்டும். ஆயுள் முழுதும் வேண்டும். இயலாதவர் சாதாரணப் பிளாஸ்டிக் பையைத் துணியால் கட்டிக்கொண்டு, தோல் வெந்து புண்ணாகி அவதிப்படுகின்றனர். பட்டு நூலை ஒவ்வொருவரும் தனித்தனியே வாங்கினால் என்ன விலை, கூட்டுறவாக வாங்கினால் என்ன விலை என்பதை உங்களுக்கு யான் சொல்ல வேண்டியதில்லை. பத்துப் பேரா, ஐம்பது பேரா என்று தெரிந்தால்தானே மொத்தமாக வாங்க இயலும்? மும்பையில் இந்திய ஆஸ்டமி சங்கம் இத்தகையோர்க்கு உதவிவருகிறது. எழுதிக் கேட்பதற்கும் எண் வேண்டும்.

ஆதலால் சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம். நம் குடும்பப் பட்டியலை இவ்வாண்டு புதுப்பிக்கப் போகிறோம். அதனோடு ஒரு சிறு சீட்டும் செல்லட்டும். அதில் பெயர் வேண்டா, தெரு வேண்டா, கையெழுத்து வேண்டா. குடல்வாயா, நீர்வாயா, எந்த ஆண்டு வைத்தது, மூட நாள் குறித்தார்களா, தறியில் அமர முடிகிறதா, பை எங்கே வாங்குகிறீர்கள். இவ்வைந்து கேள்வி போதும். வாய் இல்லாதாரும் வெற்றுச் சீட்டை மடித்துப் போடவேண்டும். அப்போதுதான் எவருடையது எது என்று ஒருவரும் அறியார். பெண்களின் சீட்டைப் பெண்களே திரட்டுக.

காரியதரிசி இதற்கு இசைந்துவிட்டார். சீட்டு அடுத்த மாத இதழோடு வரும். பூட்டிய பெட்டி ஒன்று சங்கக் கட்டடத்தின் நூலக அறையில், பத்திரிகை மேசைக்குப் பின்னால், வாயிலிலிருந்து பார்த்தால் தெரியாத இடத்தில் வைக்கப்படும். மாலை ஆறு மணிமுதல் எட்டு மணிவரை அறை திறந்திருக்கும். அந்நேரத்தில் யான் அங்கே இரேன்.